மொராண்டியின் குப்பிகள்: சட்டமிட்ட நல்ல அச்சுப் பிரதியை எப்படி வாங்குவது?

கேள்வி: காவிரிக்கரை வாசகி, திருவையாறு

அனைவருக்கும் வணக்கம். இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ மொராண்டி வரைந்த குப்பிகளும் கிண்ணங்களும் கொண்ட ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்) ஓவியங்களில் ஒன்றின் தரமான அச்சுப் பிரதியைச் சட்டமிட்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்ட விரும்புகிறேன். சாப்பாட்டு அறையில் வெறுங்குப்பிகள் எதற்கு, தஞ்சாவூர் வெண்ணெய்க் கிருஷ்ணரை மாட்டலாமே என்று வீட்டில் கேட்டார்கள். கிருஷ்ணர் ஏற்கெனவே கூடத்தில் இருக்கிறார் என்பதால் அந்த விவாதம் ஒருவாறு முடிந்துவிட்டது.

இணையக் கடைகளில் தேடியபோது குழப்பம்தான் மிஞ்சியது. ஒரே ஓவியம் ஒரு கடையில் சாம்பல் நிறத்திலும், இன்னொன்றில் மஞ்சள் கலந்தும், மூன்றாவதில் ஏறத்தாழ இளஞ்சிவப்பாகவும் காட்டப்படுகிறது. எல்லாருமே ‘அருங்காட்சியகத் தரம்’ என்கிறார்கள். சிலர் கேன்வாஸ் துணியிலும் சிலர் தாளிலும் அச்சிடுகிறார்கள். கண்ணாடி போட்டே அனுப்புகிறோம் என்கிறவர்களும் உண்டு, சுருட்டிக் குழாயில் அனுப்புகிறோம் என்கிறவர்களும் உண்டு.

எங்களுடையது சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு. ஆற்றுக்கு அருகில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறும். அலமாரியில் இருக்கும் புத்தகங்களில்கூடப் பூஞ்சை வாடை வரும். இப்படிப்பட்ட வீட்டில் பத்து, பதினைந்து ஆண்டுகளாவது கெடாமல் இருக்க எதை வாங்க வேண்டும், சட்டத்தை எங்கே போட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: குடந்தை ஓவிய ஆசிரியர்

அம்மா, வணக்கம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து, பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம், கண்ணாடி பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அச்சைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

முதலில் எந்த ஓவியம் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மொராண்டி தம் ஸ்டில் லைஃப் ஓவியங்கள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் ‘நத்தூரா மோர்த்தா’ (இத்தாலியில் ஸ்டில் லைஃப்) என்ற ஒரே தலைப்பைத்தான் வைத்தார். அதே நீண்ட கழுத்து வெள்ளைக் குப்பி, அதே பெட்டிகள், அதே மேசை விளிம்பு, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப இடம் மாறி வருகின்றன. ஆகவே ‘மொராண்டி ஸ்டில் லைஃப்’ என்று மட்டும் எழுதி விற்கும் கடை, தான் எதை விற்கிறது என்பதையே அறியாத கடை. வரைந்த ஆண்டு, மூல ஓவியம் இருக்கும் அருங்காட்சியகம், மூலத்தின் அளவு ஆகிய மூன்றையும் கேளுங்கள். லம்பர்ட்டோ வித்தாலி தொகுத்த முழுமையான அட்டவணையில் எண்ணெய் ஓவியங்களுக்கு எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்கிற விற்பனையாளர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது அளவு. சுவர் பெரிதாக இருக்கிறதே என்று நான்கடி அகலத்துக்குப் பெரிதாக்கி வாங்கிவிடாதீர்கள். அவருடைய ஓவியங்களில் பெரும்பாலானவை சிறியவை. நாற்பது, ஐம்பது சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும். பொலோனா நகரில் தம் சகோதரிகளுடன் வாழ்ந்த வீட்டில், படுக்கையும் போட்டிருந்த சிறிய அறையில் அவர் வரைந்தார்; பார்ப்பவர் மேசைக்கு அருகில் வந்து நின்று பார்ப்பதற்கு ஏற்ற அளவுகள் அவை. இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் தூரிகைத் தடங்கள் விகாரமாகப் பருத்துத் தெரியும், குப்பிகளுக்கு இடையிலுள்ள நெருக்கமும் போய்விடும். மூல அளவிலேயோ, அதைவிடச் சற்றுக் குறைத்தோ வாங்குவதே நல்லது. சுவர் பெரிதென்றால் சட்டத்துக்குள் அச்சைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டையின் அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்று கடைகளில் மூன்று நிறம் தெரிவது வியப்பன்று. குப்பிகள் பளபளக்கக் கூடாது என்பதற்காக அவற்றின் மீது மங்கலான வண்ணத்தைப் பூசியும், தூசி படியவிட்டும் வைத்திருந்தவர் மொராண்டி. அவருடைய சாம்பலும் காவியும் வெளிறிய ரோஜாவும் ஒன்றிலிருந்து ஒன்று மயிரிழை அளவே வேறுபடுகின்றன. வான்கோவின் சூரியகாந்தியை அச்சிடும்போது மஞ்சள் சற்றுக் கூடினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மொராண்டியின் சாம்பலில் பச்சை ஒரு துளி கூடினாலும் முழுப்படமும் நோயாளியைப் போல ஆகிவிடும். இணையத்தில் இருக்கும் படங்களில் பல, கவர்ச்சிக்காக நிறத்தைத் தூக்கிவிட்டவை. ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் தளத்திலுள்ள படத்தையே அளவுகோலாகக் கொண்டு, கடைக்காரர் காட்டும் படத்தை அதனோடு ஒப்பிடுங்கள். முழு அச்சுக்குமுன் உள்ளங்கை அளவில் ஒரு மாதிரி அச்சை அனுப்பச் சொல்லி, அதை உங்கள் சாப்பாட்டு அறையில் பகல் வெளிச்சத்திலும், இரவில் நீங்கள் போடும் விளக்கிலும் வைத்துப் பாருங்கள். பகலில் சரியாகத் தெரியும் சாம்பல், மலிவான எல்இடி வெளிச்சத்தில் ஊதாவாகவோ பச்சையாகவோ மாறுவதுண்டு.

அச்சு பிக்மென்ட் மையில் (நிறமித் துகள்கள் கொண்ட மை) இருக்க வேண்டும். சாயமையில் அச்சிட்டது வெளிச்சத்தில் விரைவில் வெளுக்கும், ஈரத்தில் கசியவும் செய்யும். தாள் பருத்தி இழைத் தாளாக, அமிலம் அற்றதாக, ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலான கனம் உள்ளதாக இருந்தால் நன்று. பளீரென்று நீலம் பூத்த வெண்மையாக இருக்கும் தாள்களில் ஒளியூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கும். அது சில ஆண்டுகளில் வலுவிழக்கும்போது தாள் மஞ்சளாகத் தெரியும். மொராண்டிக்கு இயற்கை வெண்மையுள்ள, பளபளப்பில்லாத தாளே பொருத்தம்.

நீங்களே கோப்பை வாங்கி அச்சிடுவதாக இருந்தால், 40க்கு 45 சென்டிமீட்டர் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் சுமார் 4,700க்கு 5,300 புள்ளிகள் வேண்டும். 200 புள்ளிகள் என்று இறங்கினாலும் 3,100க்கு 3,500 குறையாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போவது வீண்.

பதில் 2: நாகை கடலோரத்தான்

ஓவிய ஆசிரியர் தாளைப் பரிந்துரைக்கிறார். கேன்வாஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் அனுபவத்தை எழுதுகிறேன். கண்ணாடி இல்லாததால் ஜன்னல் வெளிச்சம் எதிரொளிக்காது என்று எண்ணி, இணையக் கடை ஒன்றில் ஒரு பழக்கூடைப் படத்தைக் கேன்வாஸில் வாங்கினோம். ‘கையால் மெருகேற்றப்பட்டது’ என்று தனிக் கட்டணமும் வாங்கினார்கள். வந்ததைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பார்த்தபோது, ஆப்பிளின் வளைவு ஒரு பக்கம் போக, மேலே தடவிய பசையின் தூரிகைத் தடம் இன்னொரு பக்கம் போயிற்று. மூல ஓவியரின் கைக்கும் அந்தத் தடத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அந்த ‘மெருகு’க்குக் காசு கொடுக்காதீர்கள்.

முதல் மழைக்காலம் முடிந்தபோது துணி தொய்ந்து ஓரங்களில் அலையடித்தது. பின்புறக் கட்டையில் ஆப்பு வைத்து இறுக்கும் வசதி இல்லாததால் மீண்டும் இழுத்துக் கட்டவும் முடியவில்லை. கடற்காற்றில் அடித்த பின்களும் துருவேறித் துணியில் பழுப்புக் கறை இறங்கிவிட்டது. பல்லி எச்சத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணாடியாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

பதில் 3: தஞ்சை பிரேம் வேலை

வணக்கம் அம்மா. இரண்டு தலைமுறையாகத் தஞ்சாவூரில் படங்களுக்குக் கண்ணாடி போடும் குடும்பம் எங்களுடையது. சட்டமிட்ட படத்தைத் தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டாம், அச்சை மட்டும் குழாயில் சுருட்டி வரவழைத்து இங்கேயே சட்டம் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. இதை என் தொழிலுக்காகச் சொல்லவில்லை. கண்ணாடி வழியில் உடைந்தால் அதன் சில்லு அச்சைக் கீறிவிடும். அதைவிட முக்கியமாக, அட்டைக்குப் பின்னால் அவர்கள் என்ன வைத்து மூடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நம் பக்கத்து வீடுகளில் பழைய கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் சட்டையோ பெண்ணின் கன்னமோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, வரைபடத்தில் தீவு வரைந்தாற்போல் ஈரத்திட்டு பளபளக்கும். படத்தைக் கண்ணாடியில் நேரடியாக அழுத்தி வைத்ததுதான் காரணம். ஈரக்காற்று உள்ளே புகுந்து, கண்ணாடி குளிரும்போது படிந்த நீரில் மேற்பூச்சு இளகி ஒட்டிவிடுகிறது. பிரிக்க முயன்றால் முகமே உரிந்து வரும். ஆகவே அச்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்றிடைவெளி கட்டாயம் வேண்டும். மவுண்ட் அட்டை இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் இருந்தாலே அந்த இடைவெளி கிடைத்துவிடும். இன்னும் உறுதிக்குச் சட்டத்தின் உட்புறம் உள்ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) ஒன்று கொடுக்கலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் சுதை வேலையும் கற்களும் மேலெழும்பி நிற்பதால், கண்ணாடி அதன்மேல் படாமல் உள்ரீப்பர் வைத்துச் சட்டம் போடுவது இங்கே பழகிய வேலை. ‘தஞ்சாவூர்ப் படத்துக்குப் போடுவதுபோல் உள்ளே ரீப்பர் வைத்துப் போடுங்கள்’ என்று சொன்னால் எந்தக் கடைக்காரருக்கும் புரியும்.

பின்புறத்தில்தான் பெரும்பாலான கடைகளில் வேலை கெடுகிறது. வழக்கமாக அச்சுக்குப் பின்னால் பழைய செய்தித்தாளோ சாதாரண அட்டையோ வைத்து, அதன்மேல் ஹார்ட்போர்டு கொடுத்து, பொடி ஆணி அடித்துவிடுவோம். செய்தித்தாளிலும் மலிவு அட்டையிலும் அமிலம் இருக்கிறது. அது மெல்ல அச்சுக்குள் இறங்கிப் பழுப்பாக்கும். ஹார்ட்போர்டு ஈரத்தைக் குடித்து உப்பும். உங்கள் வீட்டுக்கு நான் செய்வதானால், அச்சுக்குப் பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று, அதற்குப் பின்னால் சன்பேக் அட்டை என்று வைப்பேன். தேர்தல் நேரத்தில் கம்பத்தில் கட்டும் தட்டிகளுக்குப் பயன்படுத்துகிறார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் அட்டைதான். அது பாலிப்ரொப்பிலீன் ஆகையால் ஈரத்தைக் குடிக்காது, அமிலமும் விடாது, கரையானுக்கும் அதில் தின்ன எதுவும் இல்லை. விலையும் மிகக் குறைவு. அச்சு எதுவும் இல்லாத வெள்ளை அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

அச்சை எந்தக் காரணத்துக்காகவும் பலகையில் ஒட்டவிடாதீர்கள். சுருங்காமல் இருக்கும் என்று சொல்லி ஃபெவிகாலோ ஸ்டிக்கர் பசையோ போட்டு சன்போர்டு என்ற பிளாஸ்டிக் பலகையில் ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் லேமினேஷன் செய்துவிடுவார்கள். பிறகு அதை எடுக்கவே முடியாது. அமிலமற்ற தாளில் நான்கு முக்கோண உறை மடித்து, அச்சின் மூலைகளை அவற்றில் செருகி, உறைகளை மட்டும் பின் அட்டையில் ஒட்டினால் போதும். அச்சின்மீது ஒரு சொட்டுப் பசையும் படாது. மழைக்காலத்தில் தாள் விரிந்து சுருங்கவும் இடம் இருக்கும். மாவுப் பசையும் காகிதக் கீலும் வைத்துத் தொங்கவிடும் முறை வெளியூர்களில் நல்ல முறையாகக் கருதப்படுகிறது. ஆனால் நம் ஊர் வெள்ளிமீன் பூச்சிக்கு மாவு என்றால் விருந்து.

சட்டத்துக்கு நல்ல வைரம் பாய்ந்த தேக்கு கிடைத்தால் போடுங்கள். வெள்ளைப்பாகம் கலந்த தேக்கு என்றால் கரையான் தேடி வரும். இப்போது வரும் சிந்தெடிக் மோல்டிங்கைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. கரையான் தொடாது, ஈரத்தில் முறுக்காது. ஆனால் அதில் தங்கப் பூவேலை இருக்கும் வகைகளைத் தவிர்த்து, அகலம் குறைந்த, மங்கலான மர நிறத்தில் ஒன்றை எடுங்கள். மூலை வெட்டு சரியாக இருக்கிறதா என்பதை நகத்தால் தடவிப் பாருங்கள். மெழுகு வைத்து அடைத்திருந்தால் நகத்தில் வந்துவிடும்.

கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் போதும். அறுபது சென்டிமீட்டர் சதுரத்துக்குக் கண்ணாடி மட்டும் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். அக்ரிலிக் என்றால் அதில் பாதிதான், உடையவும் உடையாது, ஆனால் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். எதிரொளிக்காது என்று சொல்லிச் சொரசொரப்பான கண்ணாடி ஒன்றைக் காட்டுவார்கள். அது படத்தோடு ஒட்டி இருந்தால்தான் தெளிவாகத் தெரியும், மவுண்ட் வைத்துத் தள்ளிப் போட்டால் படம் பனிமூட்டத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். மொராண்டி ஏற்கெனவே மங்கல் என்று ஆசிரியர் ஐயா சொல்லிவிட்டார். இன்னும் மங்கலாக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சட்டத்தை மூடும் நாளைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிக்கு மாட்ட வேண்டும் என்று ஐப்பசி அடைமழையில் வந்து நிற்பார்கள். அப்போது அட்டையும் தாளும் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பின்னால் டேப் ஒட்டி மூடினால் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்தாற்போல்தான். பூஞ்சை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, உள்ளேயே பிறக்கும். அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில், வெயில் ஏறிய நடுப்பகலில் மூடச் சொல்லுங்கள். அதற்கு முன்பே அச்சு வந்துவிட்டால் குழாயிலிருந்து எடுத்து, இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கிடையில் தட்டையாக வைத்து, மேலே பலகை பாரம் கொடுத்து அலமாரியில் வையுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

பதில் 4: மாயூரம் வழக்கறிஞர்

உரிமை பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் ஒரு குறிப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். மொராண்டி 1964இல் மறைந்தார். ஆகவே இந்தியாவில் அவருடைய ஓவியங்களுக்கான உரிமை 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. இத்தாலியில் அது 70 ஆண்டுகள் என்பதால் 2034 இறுதிவரை உள்ளது. எனவே இங்கே அச்சிட்டு உங்கள் வீட்டில் மாட்டுவதில் சிக்கல் இல்லை. ஐரோப்பிய அருங்காட்சியகக் கடையிலிருந்து வரவழைத்தால் உரிமம் பெற்ற அச்சு கிடைக்கும், ஆனால் சுங்கவரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1973இல் மறைந்த பிக்காசோவை இதே முறையில் அச்சிட நினைப்பவர்கள் 2033 முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். செசான் போன்ற மூத்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சிகாகோ கலைக் கழகம், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆகியவை உரிமை முடிந்த பல ஓவியங்களின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. செசானின் ‘ஆப்பிள் கூடை’ சிகாகோவில்தான் இருக்கிறது.

காவிரிக்கரை வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. தாளில், மூல அளவுக்குச் சற்றுக் குறைவாக, பிக்மென்ட் மையில் அச்சிட்டு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். கேன்வாஸ் எண்ணத்தை நாகை நண்பரின் பதிலைப் படித்ததும் விட்டுவிட்டேன். சட்டத்தைப் பங்குனியில் போட்டுக்கொள்கிறோம்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. சாப்பாட்டு அறையில் இரண்டு சுவர்கள்தான் காலியாக உள்ளன. ஒன்று தோட்டத்தைப் பார்த்த வடக்கு வெளிச்சுவர். வாடைக்காற்றில் சாரல் அதன்மீதுதான் அடிக்கும். மற்றொன்று சமையலறைக்கும் இந்த அறைக்கும் இடையிலுள்ள உட்சுவர். இதில் ஓதம் இல்லை, ஆனால் தாளிப்புப் புகை வரும். எதில் மாட்டுவது? காரைச் சுவரில் ஆணி நிற்குமா?

தஞ்சை பிரேம் வேலை

உட்சுவரில் மாட்டுங்கள் அம்மா. புகை கண்ணாடியோடு நின்றுவிடும், துடைத்துக்கொள்ளலாம். ஓதம் பின்பக்கமாக வரும், அதைத் துடைக்க முடியாது. கதவு நிலைக்கு நேரெதிரே மட்டும் வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு நேராக வந்து படியும்.

சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் அரை அங்குலக் கனத்தில் ரப்பர் குமிழோ தக்கைத் துண்டோ ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும், பல்லியும் பூச்சியும் அடைவதும் குறையும். காரையில் ஆணியை நேரடியாக அடித்தால் பொருபொருவென்று உதிர்ந்துவிடும். செங்கல் வரும்வரை துளையிட்டு, காய்ந்த மர ஆப்பை இறுக்கமாக அடித்து, அதில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை முடுக்குங்கள். ஒரே ஆணியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டால் படம் சாய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு திருகாணியும் சட்டத்தில் இரண்டு வளையமுமாகச் செய்துவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்பதால் நின்று பார்க்கும் உயரத்தைவிட ஒரு சாண் இறக்கியே மாட்டலாம். துடைக்கும்போது கண்ணாடியின்மேல் நேராகத் தண்ணீர் தெளிக்காமல், துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கீழ்ச்சட்டத்தின் இடுக்கு வழியாக நீர் மவுண்டுக்குள் ஏறிவிடும்.